மந்திரத்துக்கும் விலை உண்டு: மிகுபுனைவு நாவல் கேள்வி-பதில்

மிகுபுனைவு (ஃபேண்டஸி) நாவல் எழுதுவோரின் அன்றாடம், வாசிப்பு, எழுத்துப் பழக்கம் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். பலரும் ஒரே சந்தேகத்தைக் கேட்டிருந்தால் அவற்றைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

முழுநேர வேலை, வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஃபேண்டஸி நாவல் என்றாலே 500 பக்கம் வேண்டும் என்கிறார்கள். வேலையை விடாமல் எழுதி முடிக்க முடியுமா?
- வாசகி, செங்காங்

முடியும். முதலில் அந்த 500 பக்கத்தை மறந்துவிடுங்கள். அது ஆங்கில நாவல்களைப் பார்த்து வந்த கணக்கு. ஆங்கிலத்தில் நான்கைந்து சொல் பிடிப்பதைத் தமிழில் 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். 60,000 சொல்லில் ஒரு முழு உலகத்தையே காட்டலாம். டெமி அளவில் அச்சிட்டால் சுமார் 250 பக்கம் வரும்.

நாளுக்கு 350 சொல், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் வாரம் 1,750. முதல் படி 35 வாரத்தில் முடியும். அதை அடித்துத் திருத்த மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டில் கைப்பிரதி தயார். 350 சொல் எழுத ஒரு மணிநேரம் போதும். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முந்திய ஒரு மணிநேரம் பலருக்கும் ஒத்துவருகிறது. இரவு பத்துக்கு மேல் என்று வைத்தால், அலுவலகக் களைப்பில் வாரத்துக்கு இரண்டு நாளாவது தவறிவிடும்.

பாதியில் நிற்கும் நாவல்களில் இரண்டு காரணங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். ஒன்று, வரைபடம், அரச பரம்பரை, நாணயம், கொடி என்று மூன்று மாதம் உலகத்தைக் கட்டிக்கொண்டே இருப்பது. அந்த வேலைக்கு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணிநேரம் மட்டும் கொடுங்கள். இன்னொன்று, தினமும் முதல் அத்தியாயத்திலிருந்து படித்துத் திருத்தத் தொடங்குவது. நேற்று எழுதியதில் கடைசி இரண்டு பத்தியை மட்டும் படித்துவிட்டு மேலே போங்கள். ஒரு காட்சி முடிந்ததும் எழுந்துவிடாமல், அடுத்த காட்சியின் முதல் வரியையும் எழுதிவிட்டு எழுங்கள். மறுநாள் வெள்ளைத் திரையைப் பார்த்துத் திகைக்க வேண்டியிருக்காது.

ரயிலில் எழுத முயலாதீர்கள். அந்த நேரத்தை வாசிப்புக்கு விடுங்கள்.

நாவல் எழுதிக்கொண்டிருக்கும்போது வேறு நாவல் படிக்கலாமா? நடை ஒட்டிக்கொள்ளும் என்று பயமாக இருக்கிறது. எதை, எப்படிப் படிப்பது?
- வாசகர், அங் மோ கியோ

நடை ஒட்டத்தான் செய்யும். அதற்காக வாசிப்பையே நிறுத்தினால், சொந்த நடையும் இரண்டு மாதத்தில் வறண்டுவிடும். முதல் படி எழுதும் மாதங்களில் உங்கள் வகை நாவலை மட்டும் தள்ளிவையுங்கள். திருத்தும் மாதங்களில் அவற்றைத் தாராளமாகப் படியுங்கள். எழுதும் மாதங்களுக்கு வேறு மூன்று வகை வாசிப்பு உண்டு.

முதலாவது செய்யுள். காலையில் எழுத உட்காருமுன் பத்து நிமிடம், ஒரே ஒரு சங்கப் பாடல், வாய்விட்டு. பொருள் முழுதும் பிடிபடாவிட்டாலும் பரவாயில்லை. செய்தித்தாள் தமிழும் அலுவலக மின்னஞ்சல் தமிழும் காதில் நிறைந்திருக்கும் நமக்கு, வாக்கியம் வேறு மாதிரியும் ஓடலாம் என்பதை அந்தப் பத்து நிமிடம் நினைவூட்டும்.

இரண்டாவது தொழில் பற்றிய நூல்கள்: உப்பளம், தறி, கப்பல் கட்டுமானம், கோட்டை முற்றுகை, மூலிகை. வாசகர் மாயக் குதிரையை நம்பிவிடுவார். லாடம் எப்படி அடிக்கிறார்கள் என்பதில் தவறினால்தான் புத்தகத்தை மூடிவைப்பார். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் பொது நூலகங்களில் ஒரே சமயத்தில் 16 புத்தகங்களை 21 நாளுக்கு எடுக்கலாம். அந்தப் பதினாறில் குறைந்தது பத்துப் புத்தகம் இந்த வகையாக இருக்கட்டும். இரவல் கிடைக்காத பழைய நூல்களுக்கு விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்துக்குப் போங்கள். பழைய நாளிதழ்களின் மின்காப்பகமான நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் 1887ல் தொடங்கிய 'சிங்கை நேச'னும் தமிழ் முரசின் பழைய இதழ்களும் இருக்கின்றன. அவற்றில் செய்திகளைவிட விளம்பரங்களைப் பாருங்கள். ஒரு துறைமுக ஊரில் என்ன சரக்கு விற்றது, யார் என்ன வேலை பார்த்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

மூன்றாவது மறுவாசிப்பு. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். முன்பே ரசித்துப் படித்த நாவல் ஒன்றை எடுத்து, இந்த முறை பென்சிலோடு படியுங்கள். அந்த உலகத்தின் விதி ஒவ்வொன்றும் முதன்முதலில் எந்தப் பக்கத்தில், யார் வாயால், எத்தனை வரியில் சொல்லப்படுகிறது என்று ஓரத்தில் குறியுங்கள். நல்ல நாவலில் பெரும்பாலான விதிகள் யாரோ அதை மீறும்போதோ, அதனால் யாரோ அடிபடும்போதோதான் தெரியவரும். விளக்கிச் சொல்லும் பத்திகள் மிகக் குறைவாகவே இருக்கும். இந்தக் குறிப்பு வேலையை ஒரு நூலுக்குச் செய்து முடித்தவருக்கு, தன் கைப்பிரதியின் முதல் அத்தியாயத்தில் எதை வெட்ட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் கதையில் மந்திரம் வந்ததுமே எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடுகிறது. மந்திரத்துக்கு விதி வைப்பது எப்படி?
- கல்லூரி மாணவர், தெம்பனிஸ்

இதற்கு மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். சமய நூல் என்று பள்ளியில் ஒதுக்கிவைத்தவர்கள் இப்போது எழுத்தாளர் கண்ணோடு படிக்க வேண்டும். மாய சக்திக்கு விலையும் வரம்பும் வைப்பதில் சாத்தனாரைப் போல் கறாரானவர் தமிழில் அரிது.

அமுதசுரபியைப் பாருங்கள். எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். இப்படி ஒன்றைக் கதைக்குள் விட்டால் பசி என்ற பிரச்சினையே தீர்ந்து, கதை நின்றுவிட வேண்டும். ஆனால் பதினான்காம் காதையில் நடப்பது வேறு. பாண்டிய நாட்டில் பஞ்சம் நிலவியபோது ஆபுத்திரன் அந்தப் பாத்திரத்தால் ஊருக்கே சோறு போடுகிறான். இந்திரன் வந்து வரம் தருகிறேன் என்கிறான். எனக்கு எதற்கு என்று இவன் சிரிக்கிறான். சினந்த இந்திரன் பாத்திரத்தைத் தொடவே இல்லை. மழையைப் பெய்ய வைக்கிறான். நாடு செழிக்கிறது, பசித்தவர் யாரும் இல்லை, பாத்திரத்துக்கு வேலையும் இல்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறுகிறான். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. உலகத்துக்கே சோறு போடக்கூடிய பாத்திரம், ஆளில்லாத தீவு. அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, ஆண்டுக்கு ஒரு நாள் வெளிப்படுக என்று சொல்லிவிட்டு, உண்ணாமல் உயிர்விடுகிறான்.

சக்தியின் அளவு கடைசிவரை குறையவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அது யாருக்குப் பயன்படுமோ அவர்களைத்தான் ஆசிரியர் அப்புறப்படுத்தினார். உங்கள் நாயகியின் மந்திரத்தைப் பலவீனமாக்க வேண்டியதில்லை. அது வேலை செய்வதற்கு என்ன தேவை என்று கேளுங்கள்: ஆளா, இடமா, பொழுதா? அதை எடுத்துவிடுங்கள்.

காயசண்டிகையின் கதையும் இப்படித்தான். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவல் கனியை அவள் கால் சிதைத்துவிடுகிறது. அந்த ஒரே கனியை உண்டு வாழும் முனிவர் அதே பன்னிரண்டு ஆண்டைச் சாபமாகத் தருகிறார்: தீராத யானைத்தீப் பசி, அத்துடன் வானில் செல்லும் மந்திரமும் மறந்துபோகும். குற்றமும் தண்டனையும் ஒரே அளவுகோலில் நிற்பதால்தான் நாம் நம்புகிறோம். மணிமேகலை அவள் வடிவை எடுத்துக்கொண்டதற்கும் விலை இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து வந்த கணவன் காஞ்சனன், தன் மனைவிதான் இளவரசன் உதயகுமரனோடு பேசுகிறாள் என்று எண்ணி அவனை வாளால் வெட்டிவிடுகிறான். உருமாறியவள் தப்பினாள், அருகில் இருந்தவன் செத்தான். மந்திரத்தின் விலையை மந்திரக்காரர் மட்டுமே கொடுப்பதாக வைத்தால் கதை மெலிந்துவிடும்.

நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு சக்திக்கும் நான்கு வரி எழுதுங்கள்: எதனால் தொடங்கும், எவ்வளவு நேரம் நிற்கும், யார் விலை கொடுப்பார், எப்போது பயனற்றுப்போகும். நான்காவது வரியை நிரப்ப முடியாத சக்தியை நாவலில் சேர்க்காதீர்கள்.

கற்பனை மக்களுக்கும் ஊருக்கும் எப்படிப் பெயர் வைப்பது? நான் வைப்பதெல்லாம் ஆங்கிலப் பட டப்பிங் போல ஒலிக்கிறது.
- வாசகி, உட்லண்ட்ஸ்

இலக்கணத்தைத் திறந்தால் பாதி வேலை முடிந்துவிடும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை தமிழில் சொல்லுக்கு முதலில் வராது. க், ச், ட், த், ப், ற் ஆகியவற்றில் சொல் முடியாது. உங்கள் உலகத்தில் ஓர் இனம் இந்த விதிகளுக்கு முற்றிலும் கட்டுப்படட்டும். இன்னோர் இனம் ஒரே ஒரு விதியை மட்டும், ஆனால் எப்போதும் மீறட்டும். சமவெளி மக்கள் கீரவன், வன்னை, நெடுமாரி என்றிருக்க, மலைக்கு அப்பால் இருப்பவர்கள் தெரக், ஓவட், மிசப் என்று வல்லின மெய்யில் முடியட்டும். பெயரைக் கேட்டவுடன் ஆள் எந்தப் பக்கம் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். ஜ, ஷ, ஸ, ஹ எழுத்துகளை மூன்றாவது ஓர் இனத்துக்கு மட்டும் ஒதுக்கி, வேறு எவருக்கும் கொடுக்காதீர்கள்.

பிறகு ஒவ்வொரு பெயரையும் வேற்றுமை உருபு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். பெயர் பட்டியலில் கம்பீரமாக இருந்துவிட்டு வாக்கியத்துக்குள் வந்ததும் கவிழ்வது இங்கேதான். 'இளவேள்' அழகான பெயர். 'இளவேளைக் கண்டான்' என்று எழுதியதும் பொழுதைக் குறிக்கும் 'வேளை' குறுக்கே வந்துவிடும். 'ம்' என்று முடியும் பெயர் உருபு ஏற்கும்போது உடம்பே மாறும்: மாரம், மாரத்தை, மாரத்தில். ஊருக்கு அது பொருந்தும். ஆளுக்கு வைத்தால் ஆள் மரம்போல ஆகிவிடுவார். 'டு', 'று' என முடிபவை இரட்டிக்கும்: வெள்ளாறு, வெள்ளாற்றில். இதுவும் இடப்பெயருக்கே ஏற்றது. ஆட்பெயருக்கு ன், ர், இ, ஐ ஆகிய முடிவுகள் பத்திரமானவை. கடைசியாக, தாய் கூப்பிடுவதுபோல் உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். கீரவன் 'கீரவா' ஆவான். விளியில் நன்றாக ஒலிக்காத பெயர் உரையாடலில் உங்களைக் கடைசிவரை படுத்தும்.

முக்கியமான இரண்டு பாத்திரங்களின் பெயர் ஒரே வரிசை எழுத்தில் தொடங்க வேண்டாம். கீரவனும் காரியும் பத்துப் பக்கத்தில் குழம்பிவிடுவார்கள்.

பேசும் யாளி ஒன்று என் நாவலில் வருகிறது. 'யாளி சொன்னது' என்பதா, 'யாளி சொன்னார்' என்பதா?
- வாசகர், ஜூரோங் வெஸ்ட்

நல்ல கேள்வி. தமிழில் எழுதுபவருக்குக் கிடைத்த வரம் இது. நம் வினைமுற்றே ஒருவர் உயர்திணையா அஃறிணையா, ஆணா பெண்ணா, மரியாதைக்கு உரியவரா என்று சொல்லிவிடும். எனவே யாருடைய கண் வழியாகக் காட்சி போகிறது என்று முதலில் தீர்மானியுங்கள். வேட்டைக்காரனின் அத்தியாயத்தில் 'சொன்னது', யாளியை வணங்கும் ஊராரின் அத்தியாயத்தில் 'சொன்னார்'. வேட்டைக்காரன் மனம் மாறும் இடத்தில் விளக்கம் ஒன்றும் எழுத வேண்டாம்; 'அது பார்த்தது' என்பது 'அவர் பார்த்தார்' என்று ஆனால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: இந்த மாற்றத்தை நாவலில் ஒருமுறைதான் செய்யலாம். அதற்கு முன் வேட்டைக்காரனின் அத்தியாயங்களில் கைத்தவறாக எங்காவது 'சொன்னார்' என்று விழுந்திருந்தால் அந்த இடம் வீணாகிவிடும். கைப்பிரதி முடிந்ததும் 'யாளி' என்ற சொல்லைத் தேடி ஒவ்வொரு வினைமுற்றையும் சரிபாருங்கள்.

சிங்கப்பூரில் மிகுபுனைவுக்கு என்ன இருக்கிறது? எங்கும் புளோக்கும் பேரங்காடியும்தானே?
- வாசகர், தோ பாயோ

மலாய் அரசர்களின் கதை சொல்லும் பழைய நூலான 'செஜாரா மெலாயு'வைப் படித்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஜான் லேடனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1821லேயே வந்துவிட்டது. சோழரை நினைவூட்டும் பெயருள்ள ராஜா சூலான் கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து கடலடிக்குப் போவது அதில்தான். அவன் வழியில் வந்தவனாகவே சங் நீல உத்தமனும் சொல்லப்படுகிறான். கரையைத் தாக்கும் வாள்மீன்களை வாழைத்தண்டு வேலியால் தடுக்கலாம் என்று சொன்ன சிறுவனின் கதையும் உண்டு. அவன் அறிவுக்கு அஞ்சி அரசன் அவனைக் கொல்கிறான். அந்த இரத்தத்தால் சிவந்த மலை என்றுதான் புக்கிட் மேராவின் பெயருக்குக் கதை சொல்கிறார்கள். பாடாங் என்ற கூலியாள், தன் மீனைத் திருடிய நீர்ப்பேயைப் பிடித்து உடல்வலிமை கேட்கிறான். நான் கக்குவதைத் தின்றால் கிடைக்கும் என்கிறது பேய். அவன் தின்கிறான். மேலே மந்திரத்தின் விலை பற்றிச் சொன்னோமே, அதற்கு இதைவிட உறைப்பான உதாரணம் கிடைக்காது. பாடாங் எறிந்ததாகச் சொல்லப்படும் ஆற்றுமுகக் கல் 1843ல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. போய் நின்று பாருங்கள். அதன் எழுத்தை இன்றுவரை யாரும் உறுதியாகப் படித்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே எழுதப்படும் பல கைப்பிரதிகளில் அந்தி நெடுநேரம் நீள்கிறது. வீரர்கள் மங்கிய வெளிச்சத்தில் மணிக்கணக்கில் நடக்கிறார்கள். அது நிலநடுக்கோட்டுக்கு வெகு வடக்கே உள்ள நாடுகளின் அந்தி, வாசிப்பு வழியாக உள்ளே வந்தது. நிலநடுக்கோட்டருகே சூரியன் கிட்டத்தட்ட நேராக இறங்குவதால், மறைந்து 20, 25 நிமிடத்தில் இருட்டிவிடும். உங்கள் தீவு வெப்ப நாட்டில் இருந்தால் அந்தி அவசரமானதாகவே இருக்கட்டும். கண்முன் இருக்கும் வானத்தை விட்டுவிட்டு வேறு யாருடைய வானத்தையோ எழுத வேண்டாம்.

தூரம், நாள், உணவு இவற்றைக் கணக்கிட எளிய வழி உண்டா? என் படை ஒரே இரவில் ஒரு நாட்டையே கடந்துவிட்டது.
- வாசகர், ஈசூன்

சுமையோடு நடப்பவர் நாளுக்கு 25 கிலோமீட்டர், மாட்டுவண்டி அதைவிடக் குறைவு என்று வையுங்கள். படை என்றால் வண்டியின் வேகம்தான் படையின் வேகம். ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ அரிசி என்றால் 1,000 பேருக்கு 500 கிலோ, அதாவது ஒரு பாரவண்டி நிறைய. பத்து நாள் பயணத்துக்குப் பத்து வண்டி, இருபது மாடு. அந்த மாடுகளுக்குத் தீனி தனி. இதைப் போட்டுப் பார்த்தாலே எந்த ஊரைக் கொள்ளையடிப்பார்கள், எங்கே பட்டினி கிடப்பார்கள் என்று கதை தானாகக் கிளைவிடும். நேரத்துக்கு நாழிகை 24 நிமிடம், ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஏழரை நாழிகை ஒரு சாமம், அதாவது மூன்று மணிநேரம். 'இரண்டு மணிநேரம் கழித்து' என்று எழுதினால் வாசகர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். 'ஐந்து நாழிகை' என்று எழுதுங்கள்.

எழுதி முடித்துவிட்டேன். இனி என்ன செய்வது? தங்கமுனை விருதுக்கு அனுப்பலாமா?
- வாசகி, பொங்கோல்

வாழ்த்துகள். முதலில் ஒரு மாதம் தொடாதீர்கள். பிறகு அச்சுக்கு அனுப்புமுன் யூனிகோடில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய எழுத்துருவில் அடித்த அத்தியாயம் ஒன்று கலந்திருந்தாலும் அச்சகத்தில் குழம்பிவிடும். இன்டிசைனில் பக்கம் அமைப்பவரிடம் 'வேர்ல்ட் ரெடி பாராகிராஃப் கம்போசர்' தேர்ந்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் 'கொ', 'கே' போன்றவற்றின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். சோதிக்க முழு நாவலையும் பார்க்க வேண்டாம். கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ ஐந்தும் உள்ள ஒரு பக்கத்தை அச்செடுத்துப் பாருங்கள். 'கௌ'வைக் 'கெ', 'ள' என்று இரண்டாக அடித்திருப்பதும் அடிக்கடி நடக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், ஆனால் தேடினால் சிக்காது.

ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலக வாரியத்திடம் கேட்டுப் பெறலாம். புத்தகம் வெளிவந்த நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதிகளைச் சட்டப்படி அங்கே ஒப்படைக்க வேண்டும். பதிப்புரிமைக்குப் பதிவு எதுவும் தேவையில்லை. எழுதிய உடனே உங்களுடையது, உங்கள் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டும் நீடிக்கும். பதிப்பாளர் ஒப்பந்தத்தில் மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமைகள் தனித்தனி வரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். 'அனைத்து உரிமைகளும்' என்று ஒரே வரி இருந்தால் பிரித்து எழுதித் தரும்படி கேளுங்கள். தங்கமுனை விருது பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது சிறுகதைக்கும் கவிதைக்கும் உரியது, அச்சேறாத படைப்பாக இருக்க வேண்டும். உங்கள் நாவல் உலகத்தில் நடக்கும் தனிக்கதை ஒன்று கைவசம் இருந்தால், அதை வேறெங்கும் வெளியிடாமல் வைத்திருங்கள்.